பதினொன்றாம் வகுப்பில் நான் பேசி முடித்த பேரம்

கரிசல் மண்ணில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற தொழிலும் மானாவாரி வெள்ளாமைதான். விதைப்பு நம்ம கையில், விளைச்சல் யார் கையிலோ. சின்ன ஊர்களில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவர்களே, நடத்தி மூடினவர்களே, இந்த மாசத்தோடு மூடிவிடலாம் என்று ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். நீங்கள் பெருமூச்சு விடுவீர்கள்.

கோவில்பட்டியில் ஒரு உரக்கடையின் மாடியில் என் சென்டர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெப்சைட் கட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். படியேறும்போதே யூரியா நெடி மூக்கில் ஏறும். ஏறி வந்தால் என் சத்தம் காதில் ஏறும்.

குறை சொல்லி வாங்கின ஆறு

நான் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். அதன் பிறகு நாலு வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டினேன். கைப்பசை கழுவின கையோடு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து, மற்றவர்கள் கட்டின பக்கங்களின் உட்புறத்தைப் பிரித்துப் பார்த்துப் பார்த்தே இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதில் ரொம்ப நாள் எனக்குப் பெருமை. யாரும் சொல்லித்தராதவளுக்கு, தனக்கு என்ன தெரியாது என்பதும் தெரியாது. அது பின்னால்தான் விளங்கியது.

அந்த பிரவுசிங் சென்டரை மூடும்போது ஆறு கம்ப்யூட்டர் விலைக்கு வந்தது. காலையில் போய் நின்றேன். இதில் மவுஸ் சக்கரம் சுற்றவில்லை, அதில் கீபோர்டு எழுத்து அழிந்திருக்கிறது, இந்த மானிட்டரில் மூலையில் மஞ்சள் அடிக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை. கடைக்கார அண்ணாச்சி வாயைத் திறக்கும்போதெல்லாம் அடுத்த குறையை எடுத்து வைத்தேன். பேரத்தில் எதிராளியை வாக்கியம் முடிக்க விடக்கூடாது. முடித்தால் அதில் ஒரு நியாயம் இருந்து தொலைக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டினதும் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஏட்டி, கேட்ட விலைக்கே தூக்கிட்டுப் போயிரு. இன்னும் அரைமணி நேரம் நீ இங்கன நின்னா, கடைச் சாவியையும் சேத்து உன் கையில குடுத்துருவேன்."

பேனாவால் எழுதின வெப்சைட்

மாரீஸ்வரி பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதின கையோடு வந்தாள். கடம்பூர்ப் பக்கத்துக் கிராமம். அப்பா வேல்ச்சாமிக்கு மூணு ஏக்கர் மானாவாரி, உளுந்தும் சோளமும். அம்மாவுக்கு, நான் விட்டுவிட்டு வந்த அதே தீப்பெட்டி வேலை. சேர்ந்த அன்றே பிள்ளை சொல்லிவிட்டது: "காலேஜ்ல கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் படிக்கணும்க்கா. அதுக்கு முன்னாடி கொஞ்சம் தெரிஞ்சுக்கிடலாம்னு வந்தேன்." வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. வாரத்தில் மூணு நாள் என்னிடம் வரும். மற்ற நாட்களில் கோடு போட்ட நீள நோட்டில் வெப்சைட் கட்டுகிற மொழியான எச்.டி.எம்.எல்.லைப் பேனாவால் எழுதும். தலைப்புக்கு நீல மை, படத்துக்குப் பச்சை, ஒவ்வொன்றையும் மூடுகிற குறிக்குச் சிவப்பு. வந்ததும் அதை அப்படியே தட்டும். தப்பு வந்தால் திரையைப் பார்க்காது. நோட்டில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறங்கும். ஒருநாள் பக்கம் முழுக்கத் தடித்த எழுத்தாக வந்து, நான் கம்ப்யூட்டரைத் திட்டி, கரண்ட்டைத் திட்டி, கடைசியில் பிள்ளையையும் திட்டி முடிக்கும்போது, அதன் விரல் ஒரு வரியில் நின்றது. "இங்கன மூடாம விட்டுட்டேன்க்கா."

கடம்பூரில் போளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் வெப்சைட் கேட்டிருந்தார். அதை மாரீஸ்வரியிடமே கொடுத்தேன். பத்து நாளில் நோட்டில் எழுதி, இரண்டு நாளில் தட்டி முடித்தது. கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு பாப்பா. நெய் வழியுத மாதிரி ஒரு படம் மட்டும் போட்டு விட்டுரு. மணியாச்சியில ரயில் மாற நிக்குதவன்கூட ஏறி இங்க வந்துருவான்."

இரண்டு புத்தகம், ஒரு கையெழுத்து

பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. நல்ல மார்க். பள்ளிக்கூடத்தில் கேட்காமலே கணக்கு, இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் உள்ள குரூப்பில் பெயரை எழுதிவிட்டார்கள். "எங்களுக்கு என்ன தெரியும், நீங்க பாத்துச் சொல்லுங்க டீச்சர்" என்று வேல்ச்சாமி அண்ணாச்சி என்னிடம் வந்தார். எதை வாங்கினாலும் பிரித்துப் பார்த்து வாங்குகிறவள் நான். பழைய புத்தகக் கடையில் இரண்டு குரூப்பின் பதினொன்றாம் வகுப்புக் கம்ப்யூட்டர் புத்தகங்களையும் பிரித்தேன். அறிவியல் குரூப் புத்தகத்தில் சி பிளஸ் பிளஸ். காமர்ஸ் குரூப்பின் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வெப்சைட்டுக்கென்றே பிறந்த பிள்ளையைக் கொண்டுபோய் வெப்சைட் இல்லாத வகுப்பில் போட்டிருக்கிறார்களே என்று எனக்கு ரத்தம் கொதித்தது.

அப்பாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குள் போனேன். காமர்ஸில் இடம் முடிந்துவிட்டது என்றார். கூடுதலாக ஒரு பெஞ்சு போடுங்கள் என்றேன். நல்ல மார்க் எடுத்த பிள்ளை எதற்கு அங்கே போக வேண்டும் என்றார். நல்ல மார்க்குக்கு சயின்ஸ், மிச்சத்துக்கு காமர்ஸ் என்று எந்தக் கல்வெட்டில் வெட்டி வைத்திருக்கிறது என்றேன். "அதுக்கில்லம்மா, பின்னால இன்ஜினீயரிங்குன்னு போனா..." என்று ஆரம்பித்தார். "பின்னால உள்ளத பின்னால பாத்துக்கிடலாம் டீச்சர்! முன்னால இருக்கத முதல்ல குடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் வராண்டாவில் நின்ற பெற்றோர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மாரீஸ்வரி ஏதோ கேட்க வந்தது போல என்னைப் பார்த்தாள். பயந்திருக்கிறாள் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தேன். வேல்ச்சாமி அண்ணாச்சி காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "சரிம்மா, மாத்தித் தாரேன். இன்னைக்கு நீங்க போட்ட சத்தத்த மட்டும் ரெண்டு வருஷம் கழிச்சும் ஞாபகம் வச்சிக்கிடுங்க."

பசை ஒட்டாத வேலை

அந்த இரண்டு வருஷமும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் சொல்லித்தருவது மாரீஸ்வரிக்கு முன்னமே தெரிந்திருந்தது. அறிவியல் குரூப் பிள்ளைகள் சி பிளஸ் பிளஸ்ஸோடு மல்லுக்கட்டும்போது, இவள் ஒரு விதைக்கடைக்கும் ஒரு தையல்கடைக்கும் பக்கம் கட்டி முடித்துவிட்டாள். படியேறி வந்த ஒவ்வொரு தகப்பனிடமும் அவளைக் காட்டி, நான் பேசி வாங்கின குரூப் என்று சொல்லிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா பார்க்க வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்று, மகளுக்குப் பின்னால் நின்றே பார்த்தாள். மாரீஸ்வரி ஒரு படத்துக்குச் சுற்றிலும் கோடு போட்டு, நிறம் கொடுத்து, கீழே பெயரை ஒட்டினாள். அம்மா தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டாள். அவற்றில் இருக்கிற காய்ப்பு எனக்கும் தெரியும். "பெட்டிக்கு லேபிள் ஒட்டுத மாதிரிதான இருக்கு டீச்சர்? ஆனா கையில பசை ஒட்டல. எம்மவளுக்கு அது போதும்."

இரண்டு நிமிட வெப்சைட்

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் பாத்திரக்கடை அண்ணாச்சி ஒருவர் வந்தார். கையில் போன். "எம்மவன் போன்ட்ட வாய்விட்டுக் கேட்டான். ரெண்டு நிமிசத்துல வெப்சைட் வந்துட்டு. நீங்க பிள்ளைகள ஆறு மாசமா உக்காத்தி வச்சு என்னத்தச் சொல்லிக்குடுக்கீய?" எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் கடைச் சொம்பு ஒன்று கையில் இருந்திருந்தால் நசுங்கியிருக்கும். உங்களுக்கும் இப்போது வாரத்துக்கு ஒருவர் இப்படி வருகிறார் என்று கேள்விப்படுகிறேன்.

மாரீஸ்வரி போனை வாங்கி மெதுவாக நகர்த்திப் பார்த்தாள். "பாக்க நல்லாருக்கு அண்ணாச்சி. ஆனா கடைக்கு வேற ஏதோ ஊரு முகவரி போட்டிருக்கு. போன் நம்பரும் உங்களுது இல்ல." அண்ணாச்சி போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். படியிறங்குமுன் திரும்பி நின்று சொன்னார்: "முகவரி எந்த ஊரா இருந்தா என்ன? யாரு நேர்ல வந்து பாக்கப் போறா?"

கட்டம் கேட்ட மார்க்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவும் வந்தது. பத்தில் எடுத்ததைவிட நல்ல மார்க். இன்ஜினீயரிங் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போட மாரீஸ்வரி புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். வருஷா வருஷம் நான் பிள்ளைகளுக்கு இந்த விண்ணப்பம் போட்டுக்கொடுப்பதுதான். வந்தவர்கள் எல்லாம் கணக்கு குரூப். மார்க்கைச் சொல்வார்கள், கட்டம் நிறையும், அனுப்பிவிடுவேன். மற்ற குரூப் பிள்ளைகள் யாரும் ஏன் வரவில்லை என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

திரை முதல் கட்டத்தில் கணக்கு மார்க் கேட்டது. அடுத்ததில் இயற்பியல். அடுத்ததில் வேதியியல். மாரீஸ்வரியின் மார்க் பட்டியலில் கணக்குப்பதிவியல் இருந்தது, வணிகவியல் இருந்தது, பொருளாதாரம் இருந்தது. கணினிப் பயன்பாட்டில் முழு மார்க் இருந்தது. அதைக் கேட்க ஒரு கட்டம் இல்லை. அவள் விரல் திரையில் மேலிருந்து கீழே இறங்கியது, எங்கேயோ எதையோ மூடாமல் விட்டிருக்கிறோம் என்பது போல. நான் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். கம்ப்யூட்டரில் முழு மார்க், மற்ற பாடத்தை இதற்கு ஈடாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு பரீட்சை வேண்டுமானால் தனியாக வையுங்கள், மேலதிகாரியைக் கூப்பிடுங்கள் என்று பத்து நிமிஷம் பேசினேன். அந்தப் பக்கம் இருந்த பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "மேடம், இது காய்கறிக் கடை இல்ல. கணக்கு மார்க் இருக்கா, இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

சண்டை போட ஆள்

பி.சி.ஏ. இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நல்ல படிப்புதான். அரசுக் கல்லூரியில் போட்டோம். பட்டியல் இவள் பெயருக்கு மேலேயே நின்றுவிட்டது. தனியார் கல்லூரி என்றால் ஹாஸ்டல். உளுந்து காய்த்து நின்ற நேரத்தில் மழை ஊற்றிச் செடியிலேயே முளைத்துப்போன வருஷம் அது. அந்தப் பேச்சை அவர்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுத ஆள் கேட்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

வேல்ச்சாமி அண்ணாச்சி ஒரு நாள் மாடிக்கு வந்தார். வையப் போகிறார் என்று தயாராக இருந்தேன். வைதால் எனக்குச் சௌகரியம். பதிலுக்குக் கத்துவேன், அவர் கத்துவார், ஒரு வழியாகத் தீர்ந்துபோகும். அவர் ஒரு பையில் சோளக்கதிர் கொண்டுவந்திருந்தார். அதை மேஜையில் வைத்தார். என்னால்தான் அண்ணாச்சி என்று ஆரம்பித்தேன். முதல் தடவையாக வேறொருவர் என்னை வாக்கியம் முடிக்க விடவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர். அன்னைக்கு வரைக்கும் எங்களுக்காக ஒரு ஆபீசுல சண்டை போட்டவிய யாரும் இல்ல."

முடிக்காமல் விட்ட வாக்கியம்

அண்ணாச்சி வந்து போன நாலாம் நாள் அந்தத் தலைமையாசிரியை அறைக்குப் போனேன். அதே மேஜை, அதே மூக்குக் கண்ணாடி. விஷயத்தைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவர் சொன்னார்: "ஒரு வழி இருக்கும்மா. பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் டிப்ளமோவுக்குப் பத்தாம் வகுப்பு மார்க் போதும். மூணு வருஷம். நல்லா முடிச்சா இன்ஜினீயரிங்ல நேரா ரெண்டாவது வருஷம் சேரலாம். ஆனா முதல் வருஷத்துல இருந்துதான் சேரணும். பதினொண்ணும் பன்னெண்டும் படிக்காத மாதிரி."

படிக்காத மாதிரி. என் பேரத்தில் வாங்கின இரண்டு வருஷமும் அந்த ஒரு வார்த்தைக்குள் போய்விட்டது. கல்லூரி எங்கே, பஸ் பாஸ் எப்படி, எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். எழுந்திருக்கும்போது அவர் சிரித்தாரா, சலித்தாரா என்று தெரியவில்லை. "பரவாயில்லையே, இன்னைக்காவது என்னைய முழுசாப் பேச விட்டீங்க."

நோட்டின் மறுபக்கம்

மாரீஸ்வரி பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டாள். தீப்பெட்டி ஆபீஸ் கணக்கு வேலைக்கு வேறு ஒரு பிள்ளை போயிற்று. பெரிய வெற்றி போலச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் வருஷத்தில் வெப்சைட் கிடையாது. கணக்கு, இயற்பியல், வேதியியல். எதை வேண்டாம் என்று நான் கத்தி விரட்டினேனோ, அவை மூன்றும் வாசலிலேயே உட்கார்ந்திருக்கின்றன. சனிக்கிழமை இன்னும் என்னிடம் வருகிறாள். அதே நீள நோட்டு. முன்பக்கம் வெப்சைட், திருப்பிப் போட்டால் கணக்கு. நானும் ஒரு பழைய கணக்குப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன். பேரம் பேசாமல் வாங்கினேன். கடைக்காரரே சந்தேகப்பட்டு என்னைப் பார்த்தார். எனக்கும் அது ஒரு எழவும் விளங்கவில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து விரலை வைத்து வரிவரியாக இறங்குகிறோம்.

போன சனிக்கிழமை ஒரு கணக்கு நடுவில் நின்றுவிட்டது. எப்படித்தான் கேட்டேனோ தெரியவில்லை: "என்மேல உனக்குக் கோவம் இல்லையாட்டி?" அவள் சிவப்பு மையில் ஒரு அடைப்புக்குறியை மூடிவிட்டு, நோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "கோவம் இல்லக்கா. வகுப்புல இருக்க பிள்ளைகளெல்லாம் என்னைய அக்கான்னு கூப்பிடுதுக, அதுதான் ஒரு மாதிரி இருக்கு."

பேரத்தில் தோற்றதே இல்லை என்று வாசல் பலகையில் எழுதிப் போட ரொம்ப நாளாக எனக்கு ஆசை. ஜெயித்த பேரத்துக்கு இன்னொருத்தி தன் இரண்டு வருஷத்தை விலையாகக் கொடுத்து முடித்த பிறகு, பலகை எழுதுகிற பெயிண்டர் வந்தால் ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.